தொடையில் இரண்டு தட்டு

மத்தியானம் மூன்று மணி... ஆளில்லாத சாலை.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரவேண்டுமா? மத்தியானம்தான். செப்டம்பர் வெயில். கேலரி நிறைய ஜனம், பேண்டு வாத்தியம், பன்றிக் கொட்டகை நாற்றம், எலுமிச்சைச் சாறு விற்கிறவனின் கத்தல். இருந்தும் அது ஆளில்லாத சாலைதான். நாளைக்கு நீங்களும் பந்தய வண்டியில் ஏறி உட்காரப் போகிறீர்கள் அல்லவா, பத்துச் சுற்று போகட்டும், தெரியும். குதிரை ஓடுகிற மண் தடம் இது. தண்ணீர் வண்டி எத்தனை முறை சுற்றினாலும் போதாது. தூசி கிளம்பிவிட்டால் முன்னால் போகிறவனும் இல்லை, பின்னால் வருகிறவனும் இல்லை. அண்ணாந்து மரத்தின் உச்சியைப் பார்த்துத்தான் வளைவில் திருப்பவேண்டும். அந்த மஞ்சள் இருட்டில் நீயும் உன் பக்கத்தில் இருப்பவனும் மட்டும்...

அந்த லாந்தரைக் கொஞ்சம் தணி. வைக்கோல் பக்கத்தில் வைக்காதே, எத்தனை தடவை சொல்வது!

இது நம் ஃபிரிட்ஸின் சித்தப்பாவுக்கு நடந்தது. ஃபிரிட்ஸைத் தெரியும்தானே, சவ வண்டி ஓட்டுகிறவன். சித்தப்பா பெயர் லட் கெசல். கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். எவனோ பாலத்தில் இடித்து நொறுக்கிய பெரிய காரை வாங்கி, இரண்டு குளிர்காலம் பட்டறையிலேயே கிடந்து, பந்தய வண்டியாக்கிவிட்டார். அதை ஓட்டி நம் மாநிலப் பொருட்காட்சியில் ஒரே ஒரு முறை முதலாவதாக வரவேண்டும். அந்த மனுஷனுக்கு வேறு ஆசை கிடையாது.

பக்கத்தில் உட்காருகிற மெக்கானிக், அவர் மனைவி ஹெட்டியின் தம்பி ஒரின். வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்கவேண்டும், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். ஓட்டுகிறவன் முன்னால் மட்டும்தான் பார்ப்பான். எஞ்சின் சத்தத்தில் பேசவா முடியும்? மெக்கானிக் அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினால், எவனோ வருகிறான். இரண்டு தட்டினால், நெருங்கிவிட்டான், வெளிப்பக்கம் ஒதுங்கி வழிவிடு. தட்டினால் ஒதுங்கவேண்டும். கேள்வி கேட்கக்கூடாது. கேள்வி கேட்டவர்கள் எல்லாம் மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

முதல் வருஷம் கடைசிச் சுற்று. லட்தான் முன்னால். கிளைட் போவருடைய சிவப்பு வண்டி எங்கோ பின்னால். பின்பக்கத்து வளைவில் நுழையும்போது... தொடையில் இரண்டு தட்டு. லட் ஒதுங்கினார். வெளிப்பக்கம் புதைமணல் மாதிரி மண், வேகம் செத்துவிட்டது. யாரும் தாண்டவில்லை. சில்லென்று ஒரு காற்று மட்டும் இடப்பக்கம் போனது. அவர் மறுபடி வேகம் பிடிப்பதற்குள் சிவப்பு வண்டி வந்து முந்திக்கொண்டது.

வண்டி நின்றதும் லட் தொப்பியைத் தரையில் அடித்தார்.

"எவன்டா வந்தான்? எவன் வந்தான்னு தட்டுன?"

"சாம்பல் கலர் வண்டி மச்சான். ரெண்டு பேரு. உரசுற மாதிரி போச்சே, நீ பாக்கல?"

"நம்பர் என்ன?"

"நம்பர்... இல்ல மச்சான்."

பந்தயத்தில் சாம்பல் நிற வண்டியே கிடையாது.

இரண்டாம் வருஷமும் அதே கடைசிச் சுற்று, அதே வளைவு, அதே இரண்டு தட்டு. மூன்றாம் வருஷமும்! மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சில்லென்ற காற்று, அப்புறம் சிவப்பு வண்டி. இவருக்கு இரண்டாவது பரிசாக ஒரு ஹாம். பன்றித் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்வார். கடைத்தெருவில் ஒரினைக் கண்டாலே பயல்கள் தங்கள் தொடையில் டப்பு டப்பென்று தட்டி, "ஒரின், பின்னாடி வர்றான்டா, ஒதுங்கு!" என்பார்கள். ஒரின் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். பொய் சொல்லத் தெரியாத ஆள். அதுதான் லட்டுக்கு இன்னும் எரிச்சல்.

வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். மனைவியின் தம்பியை இறக்கிவிட்டுவிட்டு அதே மனைவி வைக்கிற சூப்பைக் குடிக்க முடியுமா? தவிர, அந்த வண்டியின் பம்பு ஒரின் கைக்குத்தான் அடங்கும்.

நாலாவது வருஷம் மாமனார் வாயைத் திறந்தார். தீவனக்கடைக்காரர். வண்டிக்குப் பணம் போட்டவரும் அவர்தான்.

"மாப்பிள்ள, நானும் மூணு வருஷமா ஹாம் தின்னுட்டேன். இந்தத் தடவ ஜெயிக்கலேன்னா வண்டிய வித்துப்போட்டு கடைக்கு வந்து மூட்ட தூக்குங்க. அவ்வளவுதான்."

லட் அன்று இரவு தூங்கவில்லை. காலையில் எழுந்து நேரே ஹெட்டியின் அலங்கார மேஜைக்குப் போய் அதிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏய், அது எங்கம்மா குடுத்தது! எங்க எடுத்துட்டுப் போற?"

"உன் தம்பிக்குப் பதிலா இது பின்னாடி பாக்கட்டும்."

"ஒடஞ்சுதுன்னா வீட்டுப் பக்கம் வந்துராத, சொல்லிட்டேன்."

ஸ்டியரிங்குக்கு முன்னால், தகரத்தின்மேல், அந்தக் கண்ணாடியை நாலு திருகாணி போட்டு முடுக்கினார். அப்போதெல்லாம் யார் வண்டியில் கண்ணாடி வைத்தார்கள்? பொருட்காட்சி மைதானமே சிரித்தது. கிளைட் போவர் வந்து குனிந்து அதில் மீசையை முறுக்கிக்கொண்டு, "என்னப்பா லட், தல சீவிக்கிட்டே ஓட்டப் போறியா?" என்றான். லட் திருகாணியை இன்னொரு முறை முடுக்கினார். ஒரினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் கை பம்ப விட்டு நகரக்கூடாது. பின்னாடி திரும்பவே கூடாது. புரியுதா?"

"அது வந்தா, மச்சான்?"

"வந்தா நான் பாத்துக்கறேன்டா, வெளக்கெண்ண!"

மூன்று மணிக்குக் கொடி விழுந்தது. பத்துச் சுற்றுக்குள் தூசி எழுந்துவிட்டது. வழக்கம்போல் லட்தான் முன்னால். எஞ்சினுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய் வெந்த நெடி, காதை அடைக்கிற சத்தம், பல்லுக்கிடையில் நறநறவென்று மண். கண்ணாடி எதற்கும் உதவவில்லை. வண்டி போட்ட குலுக்கலில் அதுவும் குலுங்கியது. அதில் தெரிந்த தூசி குலுங்கியது, வேலி குலுங்கியது, ஓரத்தில் தெரிந்த இவருடைய தோள் குலுங்கியது. எல்லாம் கரைந்த சாயம் மாதிரி ஒரே கலங்கல்.

கடைசிச் சுற்று. பின்பக்கத்து வளைவு. மரத்தின் உச்சி தெரிந்தது. திருப்பப் போனவர் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார்...

சாம்பல் நிற வண்டி.

கண்ணாடி குலுங்கியது. தூசி குலுங்கியது. அந்த வண்டி மட்டும் குலுங்கவில்லை. சுவரில் மாட்டிய படம்போல் அசையாமல் நின்றது, ஆனால் நெருங்கிக்கொண்டே இருந்தது. எண் இல்லை. உள்ளே இரண்டு பேர். அவர்கள்மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை... துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கையை உயர்த்தினான். மிரட்டவில்லை. கோபம்கூட இல்லை. பொதுச் சாலையில் யாரும் கேட்பதுபோல மரியாதையாக வழி கேட்டான்.

ஒரின் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். குனிந்து பம்பை அடித்துக்கொண்டே இருந்தான். ஆனால் கன்னத்தில் கண்ணீர் வழிந்து, தூசியில் கோடு விழுந்தது. அவனுக்குப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இடது கை தானாக எழுந்து வந்தது.

இரண்டு தட்டு.

லட்டுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று வருஷமாக இந்தப் பையன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. விளங்கியது, விளங்கி என்ன செய்ய? மூன்று ஹாம், ஊர்ச் சிரிப்பு, மாமனாரின் மூட்டைகள், எல்லாம் நெஞ்சில் வந்து அடைத்தன. பேயோ பிசாசோ, முறை போட்டுக்கொண்டு என் வயிற்றில்தானா அடிக்கவேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு உள்வேலியோடு ஒட்டினார். வழியை அடைத்தார்.

"விட்டுரு மச்சான்! நமக்கென்ன, போகட்டும் விட்டுரு!" ஒரின் கத்தினான். மறுபடி இரண்டு தட்டு, மறுபடி இரண்டு...

விடவில்லை. ஜெயித்தார்.

கேலரியே எழுந்து நின்று ஆடியது. மாமனார் வேலியைத் தாண்டி ஓடிவந்தார். மாலையைக் கொண்டுவந்து போட்டார்கள். லட் இறங்கவில்லை. வண்டி நின்றுவிட்டது, எஞ்சினும் அணைந்துவிட்டது, கண்ணாடியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் தொப்பிகளைத் தூக்கிப் போடுகிற கூட்டம் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில், யாரும் இடிக்காமல், யாரும் விலகாமல், சாம்பல் நிறத்தில் ஒரு வண்டியின் மூக்கு... காத்துக்கொண்டிருந்தது. ஸ்பேனரை எடுத்து ஓங்கி ஒரே போடு. கண்ணாடி தூள். சந்தோஷத்தில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரின் மட்டும் அவர் சட்டையைப் பிடித்தான்.

"நீயும் பாத்தே இல்ல மச்சான்? பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு. இவங்ககிட்ட எல்லாம் சொல்லு."

லட் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"தூசிடா. வெறும் தூசி."

ஒரின் கையை எடுத்துக்கொண்டான். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அந்த வண்டியில் லட் மறுபடி ஏறவே இல்லை. மாமனார் எதை விற்கச் சொன்னாரோ அதை ஜெயித்த பிறகு இவரே விற்றார், பாதி விலைக்கு! அப்புறம் ஊர் ஊராகப் பால் வண்டி ஓட்டினார். வழியில் பார்த்தவர்கள் சொல்வார்கள். வெறும் சாலை, இரண்டு பக்கமும் சோளம், முன்னாலும் பின்னாலும் ஈ காக்கை கிடையாது. லட் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார். கையை வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டுவார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். அப்புறம் இறங்கி நடுச்சாலையில் நின்று கத்துவார்.

"அதான் வழி விட்டேன்ல! போயித் தொலையேன்! ஏன் போக மாட்டேங்கிற?"

தினம் விட்டார். வருஷக்கணக்கில் விட்டார். போகவில்லை. வீட்டில் கண்ணாடி வைக்கவிடவில்லை. முகத்தைத் தடவித் தடவித்தான் சவரம் செய்வார், தாடையெல்லாம் வெட்டு. ஹெட்டி ஜன்னல் கண்ணாடிக்குக்கூடத் திரை போட்டு வைத்திருந்தாள்.

போன வசந்த காலத்தில் லட் இறந்துபோனார். மாரடைப்பு. சவ வண்டியை ஃபிரிட்ஸே ஓட்டினான். சொந்தச் சித்தப்பா அல்லவா. பக்கத்தில் ஒரின் ஏறி உட்கார்ந்தான், இப்போது தலையெல்லாம் நரைத்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, அவனாகத்தான் வந்து ஏறினான். மூன்று நாளாக அடைமழை. கல்லறைக்குப் போகிற மண்சாலை கூழாகிக் கிடந்தது. மற்ற வண்டிகள் சேற்றில் மாட்டி எங்கோ பின்தங்கிவிட்டன. காலை பத்து மணி இருக்கும். மழைச் சத்தம், சேற்றில் சக்கரம் சளக் சளக்கென்று... வேறு எதுவும் இல்லை.

பண்ணை வளைவில் ஒரின் மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஃபிரிட்ஸின் தொடையில் தட்டினான்.

இரண்டு தட்டு.

ஃபிரிட்ஸ் பந்தயமே பார்க்காதவன். இரண்டு தட்டு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் கை தானாகத் திருப்பியது என்கிறான். வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. சில்லென்று ஒரு காற்று பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. ஈர மண்வாசனைக்கு நடுவில் வெந்த விளக்கெண்ணெய் நெடி குப்பென்று அடித்தது. ஒரின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"யாரு மாமா போனது?"

"தூசிடா," என்றான் ஒரின். "வெறும் தூசி."

கல்லறையில் பின்கதவைத் திறந்தார்கள். மூன்று நாள் மழை, உள்ளே எல்லாம் நசநசவென்று ஈரம். பெட்டியின்மேல் மட்டும் விரல் கனத்துக்கு மஞ்சள் தூசி, காய்ந்த பொடி.  லட் கனத்த சரீரம், பட்டறையில் வளர்ந்த உடம்பு. ஆறு பேர் சேற்றில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒன்று, இரண்டு என்று சொல்லித் தூக்கினார்கள்.

பெட்டி சட்டென்று மேலே வந்துவிட்டது. ஆறு பேரும் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். உள்ளே கனமே இல்லை.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியே குழிக்குள் இறக்கினார்கள்... யாரும் திறந்து பார்க்கவில்லை.