விலைச்சீட்டு உரியாத காலணி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் இதழாசிரியர் அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் எங்கள் நடைக்குழுத் தலைவர் அவர்களே, மலையில் மூச்சு வாங்கினாலும் பின்வாங்காத பெரியோர்களே, பிள்ளைகளின் சேறு படிந்த காலுறைகளைத் துவைத்துச் சலித்த தாய்மார்களே, வணக்கம்.

மலையேற்ற இதழின் ஆண்டுவிழாவில், பழைய சந்தாதாரர் என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னார்கள். அட்டை அழகாக இருக்கிறது. மற்ற வார்த்தைகள் உள்ளே இருக்கும் மதிப்புரைகளைப் பொறுத்தவை.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். படிக்காத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினால் அங்கே முட்டி போட வேண்டும். நடக்காத காலணிக்கு எழுதினால்? பின்வரிசையில் ஒருவர், வெறுங்காலில் நடக்க வேண்டும் என்கிறார். பொறுங்கள் ஐயா, அங்கேதான் வருகிறேன்.

என் கணவர் மறைந்தபின் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த என்னைக் குன்றுக்கு இழுத்துப் போனவள் என் ஓரகத்தி. அதோ, மூன்றாம் வரிசையில், கைத்தடியோடு. அவளுக்குக் காலணி வாங்க இந்த இதழைப் புரட்டினேன். என்ன நடை, என்ன நயம்! மேகத்தின் மென்மை என்றது. நிறம் நெஞ்சை அள்ளும் என்றது. மழையில் நடந்து பார்த்தோம், பிடிமானம் அபாரம் என்றது. வாங்கினோம்.

ஈரப் பாறையில் முதல் இறக்கத்திலேயே விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி கேட்டாள்:

"ஏன்க்கா, பிடிமானம் அபாரம்னு போட்டிருந்துச்சே. எதப் பிடிக்கும்னு போடலியா?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். காலணியின் அடிப்பாகத்தைக் காட்டும் படம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தால், குதிகாலில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு, ஓரம்கூடக் கிழியாமல் இருக்கிறது!

மழையில் நடந்த காலணியில் காகிதம் கரையாதா? மலையில் நடந்த காலணியில் மண் ஒட்டாதா? எந்த மலையில் நடந்தீர்கள்? மேசை மீதா?

எங்களுக்கு மேகம் வேண்டாம், மென்மை வேண்டாம். ஈரத்தில் வழுக்குமா? இறக்கத்தில் விரல் நசுங்குமா? விறைத்த கையால் முடிச்சை அவிழ்க்க முடியுமா? அடுத்த மழைக்கும் அடிப்பாகம் தாங்குமா? இதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அதுவும் நல்ல தமிழ்தான்.

எலும்பு கூடிவிட்டது. மருத்துவர் நடக்கச் சொல்லிவிட்டார். ஆனால் குன்றின் பெயரை எடுத்தாலே அவள் கால் பின்னுக்குப் போகிறது. புதுக் காலணி வாங்கித் தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன். நேற்றுதான் இறங்கி வந்தாள்.

"எழுதுற ஆளு ஒருதடவ மழையில நடந்து பாத்துட்டு வாயால சொல்லட்டும்க்கா. அப்புறம் வரேன்."

நியாயம்தானே? ஆசிரியர் அவர்களே, அந்த மதிப்புரையின் கீழே இருப்பது உங்கள் பெயர். இந்தப் பைக்குள் இருப்பது உங்கள் இதழின் இம்மாதச் 'சிறந்த காலணி'. உங்கள் அளவுதான், உங்கள் மனைவியிடம் கேட்டு வாங்கினேன். விலைச்சீட்டை நானே உரித்துவிட்டேன். ஞாயிறு காலை, குன்றின் அடிவாரம். மழை வரும் என்கிறார்கள்.

தலையாட்டுகிறார். நீங்கள் எல்லோரும் சாட்சி. மூன்றாம் வரிசையிலும் ஒரு தலை ஆடுகிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஞாயிறன்று நனைய வருபவர்களுக்கு என் வணக்கம்.