பெற்றோல் பக்கம் திரும்பிய பிடி

"அந்தப் பிடியில கை வெச்சிராதீங்க அண்ணன்."

ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு, பாதை என்கிற மிதவைப் படகு வாவியின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. நாட்டில் சண்டை முடிந்து சில மாதங்கள்தான். ஒரு பெண், சாக்கில் சுற்றிய ஜெனரேட்டரைக் காலோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சாக்கு விலகித் தெரிந்த எண்ணெய் மாற்றும் பிடியைத் தொடப்போன, கையில் கிறீஸ் படிந்த ஒருவர் கையை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நான் மெக்கானிக் தங்கச்சி. இது பெற்றோலில ஸ்டாட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறதுதானே?"

"ஓம். சுனாமிக்குப் பிறகு குடுத்தது."

"பிடி பெற்றோல் பக்கம் கிடக்கு. ஆரு கடைசியா நிப்பாட்டின?"

"எங்கட அவருதான், போன அண்டைக்கு. ரெண்டு வருசமாகுது, ஆள் திரும்பி வரல்ல."

"வேல தெரிஞ்ச மனுசன். மண்ணெண்ணெயில ஓடக்குள்ள அப்பிடியே நிப்பாட்டினா, அது உள்ளுக்க நிண்டு அடுத்த நாள் ஸ்டாட் வராது. திரும்பப் பெற்றோலுக்கு மாத்திக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் நிப்பாட்டோணும்."

அவள் சாக்கை இழுத்து மூடினாள்.

"என்ன விட்டுட்டு ஓடிட்டாரெண்டு ஊரெல்லாம் சொல்லுது அண்ணன். ஓடிப்போற மனுசன், அடுத்த நாள் ஸ்டாட் வரோணுமெண்டு நிண்டு இத மாத்திப்போட்டுப் போவானா?"