பெண் பார்க்க வந்த இடத்தில் வேர்த்தது

– மவனுக்குப் பொண்ணப் பாக்க வந்துட்டு, பாதியில எழுந்து இப்புடி பின்பக்கம் வந்து நின்னுக்கினு இருக்கீங்களே அத்தியாக்கா. எம் பொண்ணு நிலோபர்கிட்ட இன்னா கொற?

– பொண்ணு தங்கம், அஸ்ரப் நிஷா. எனக்குத்தான் நெஞ்சுலேர்ந்து குபுகுபுன்னு சூடு ஏறுது. முதுகெல்லாம் நனஞ்சிப்போச்சி. ஆம்பளைங்க எதுருல இன்னான்னு சொல்ல?

– மாசா மாசம் வர்றது நின்னு எவ்ளோ நாளாச்சி?

– வர்ற பக்ரீத்துக்கு ரெண்டு வருசம். எங்க கரியாலூர் மலக் குளுருல ஊரே கம்பளி போத்திக்கினு கெடக்கும். நான் மட்டும் மொறத்தால விசிறிக்கினு உக்காந்திருப்பேன். மாத்திர முழுங்கவும் பயம்.

– இந்தக் கல்லுல உக்காருங்க. கொழாயத் தொறக்கறேன், மணிக்கட்டக் காட்டுங்க. மூச்ச வயிறு வரிக்கும் மெதுவா இழுங்க. அதவிட மெதுவா வுடுங்க. ஆங், அவசரமே வேணாம்.

– தணியுதும்மா. இதெல்லாம் யார் சொன்னது?

– டாக்டரம்மா. எனக்கும் மூணு வருசமா இதான. வியாதி இல்ல, வயசுன்னாங்க. பச்ச மொளகாவ கம்மி பண்ணேன். நைலான் பொடவய வுட்டுட்டு நூல் பொடவதான். விடியக்காலம் பஜ்ரு தொழுதுட்டு ஒரு நட. சுத்தமா நிக்கல, ஆனா பாதிக்குப் பாதி கொறஞ்சிச்சி. கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கறதும் கெடயாது.

– டீய வுடறதுக்கு உசுர வுடலாம்.

– வுட வேணாங்க. ஆத்திக் குடிங்க.

– சிரிக்க வெச்சிட்டீங்க. உளுந்தூர்பேட்ட கல்யாணத்துலயும் இதே கததான். நீங்க சலாம் சொன்னீங்க, நான் பதில்கூட சொல்லாம கைகழுவற கொழாய்க்கு ஓடிட்டேன்.

– அதுக்கா ஓடுனீங்க?

– பின்ன?

– மூஞ்சி செவக்க நீங்க திரும்பிப் போனதப் பாத்து, தலக்கனம்னு நெனச்சிட்டேங்க. ஒரு தப்பும் பண்ணிட்டேன். இந்த மாமியாகிட்ட குப்ப கொட்ட முடியாது, கேட்டா புடிக்கலன்னு சொல்லிடுன்னு காலையிலயே பொண்ணு காதுல ஓதி வெச்சிட்டேன்.

– அட அல்லா. இங்க நின்னு எங்கையப் புடிச்சிக்கினு இருக்கீங்களே. போயி மாத்திச் சொல்லுங்க, போங்க.

– அம்மா, ரெண்டு பேரும் இங்கியா இருக்கீங்க? உள்ள எல்லாரும் எங்கிட்ட கேட்டாங்க. நான் பதில் சொல்லிட்டேன்.

– நிலோபர், காலையில நான் சொன்னதயேவா சொன்ன?

– கோச்சிக்காதம்மா. புடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்.