கடை எண்ணில் ஜெபசிங்

எங்கள் கடையில் மருந்து கேட்கிறவர்கள் எழுத மாட்டார்கள். பேசித்தான் அனுப்புவார்கள். இலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, கீழே ஒரு குரல் பதிவு. பின்னால் ஆடு கத்தும், டவுன் பஸ் ஹாரன் அடிக்கும், நடுவில் விஷயம் இருக்கும். பதிலும் குரலாகவே வர வேண்டும். எழுத்தில் போட்டால் அரை மணி நேரத்தில் கூப்பிட்டு, "என்னமோ போட்டிருக்கிய, வாசிச்சுச் சொல்லுங்க" என்பார்கள்.

ஞானசெல்வி, பூச்சிமருந்துக் கடை, சங்கரன்கோவில் என்று வாக்குமூலத்தில் எழுதிவிட்டீர்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இது தெரியாமல் மற்றது புரியாது.

ஒன்பது வருடம் அப்படிப் பதில் சொன்னவர் ஜெபசிங். என் கணவர் வேலைக்கு வைத்த ஆள். கணவர் இறந்த பிறகும் இருந்தார். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காடு முழுவதற்கும் அவர் குரல் தெரியும். முகம் பார்க்காதவர்களுக்கும் தெரியும். நேரில் வருகிறவர்கள் கல்லாவில் இருக்கும் என்னைப் பார்த்து, "ஜெபசிங்கு இல்லையா, பெறவு வாரேன்" என்று திரும்பிப் போவார்கள். கடை என் பெயரில் இருந்தது. நான் வருத்தப்பட்டதாக எழுத வேண்டாம். கவனித்தேன், அவ்வளவுதான்.

மக்காச்சோளத்தில் களை என்று யார் படம் அனுப்பினாலும், மருந்தைச் சொல்வதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்பார்.

"உள்ள என்ன போட்டிருக்கிய?"

மானாவாரிக் காட்டில் யாரும் மக்காச்சோளத்தை மட்டும் விதைப்பதில்லை. வரிசைக்கு நடுவில் உளுந்தோ பாசிப்பயறோ இருக்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கு. படத்தில் அது விழாது. களையை மட்டும் கிட்டத்தில் எடுத்திருப்பார்கள். தானாகச் சொல்லவும் மாட்டார்கள். அதையெல்லாம் வெள்ளாமைக் கணக்கில் சேர்ப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் மக்காச்சோளத்துக்கான களைக்கொல்லி மக்காச்சோளத்தை மட்டும்தான் விடும். உளுந்தையும் களையோடு சேர்த்துக் கருக்கிவிடும். உளுந்து இருக்கிறது என்று தெரிந்தால் ஜெபசிங், "அப்பம் மருந்து வேண்டாம், ஆள வச்சு களை எடுங்க" என்பார். மருந்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வார்.

போன சித்திரையில், திருவேங்கடத்தில் சொந்தமாகக் கடை போடப் போவதாகச் சொன்னார்.

"நல்லது தம்பி" என்றேன். "கடை செல்போன வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போனார். ஒன்பது வருடக் குரல் அதில் இருந்தது.

மதுரையிலிருந்து ஒரு நிறுவனத்தாரை வரவழைத்தேன். ஏஐ உதவியாளர் செய்து தருகிறவர்கள். பழைய பதிவுகளைக் கொடுத்தால் அதே குரலில், அதே பேச்சில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் என்றார்கள். இரண்டு வாரத்தில் தயாராகிவிட்டது. முதல் நாள் ராயகிரிக்காரர் ஒருவர் தென்னங்குருத்தைப் படம் எடுத்து அனுப்பினார். "பயப்படாதிய அண்ணாச்சி, வண்டுதான்" என்று ஜெபசிங் பதில் சொன்னார். நான் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். பேசுவது ஏஐ என்று அறிவிக்க வேண்டுமா என்று நிறுவனத்தார் கேட்டார்கள். யாராவது கேட்டால் சொல்லலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை.

திருவேங்கடம் கடையில் ஆள் ஏறவில்லை. ஜெபசிங் என்னிடம்தான் இருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். தினமும் அவரோடு பேசிக்கொண்டுதானே இருந்தார்கள். ஆடி மாதம் ஒருநாள் வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அக்கா, என் குரல எடுத்துப்புடுங்க."

"கடை போன்ல, கடை நேரத்துல பேசினது தம்பி."

"பேசினது கடைக்கு. தொண்டை என்னோடதுல்லா?"

"தொண்டைய நான் புடிச்சு வைக்கலையே. பத்திரமா கொண்டு போங்க."

மருந்து வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். படியில் இறங்கும்போது திரும்பி, "அந்த மிஷினு கேக்குதா, உள்ள என்ன போட்டிருக்கியன்னு?" என்றார்.

"கேக்குது" என்றேன். அப்போது அது உண்மை.

கேள்வியை நான் எடுத்தது புரட்டாசிக் கடைசியில். அந்தக் கேள்வி வந்த பேச்சுகளில் பாதி அதோடு நின்றுபோவதை நிறுவனத்தார் காட்டினார்கள். வாடிக்கையாளர் உளுந்து இருக்கிறது என்பார், ஜெபசிங் மருந்து வேண்டாம் என்பார், முடிந்தது. வேலையை விட்டுப் போன பிறகும் என் கடைக்கு வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஏஐக்குக் கொடுக்கும் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மக்காச்சோளத்தில் களை என்றால் மருந்தின் பெயரையும் அளவையும் சொல், மேற்கொண்டு கேட்காதே. அவ்வளவுதான்.

உளுந்து கருகும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். புட்டியின் லேபிளிலும் போட்டிருக்கிறது. பொடி எழுத்து, ஆனால் போட்டிருக்கிறது.

ஐப்பசி மழை நன்றாக இருந்தது. மருந்தும் நன்றாகப் போனது. கார்த்திகை பிறந்ததும் முதல் பதிவு குருவிகுளத்திலிருந்து வந்தது. கோமதித்தாய் என்ற பெண்பிள்ளை. மூன்று ஏக்கரைத் தனியாகப் பார்க்கிறவள்.

"ஏ ஜெபசிங்கு, உளுந்து அம்புட்டும் தீயில வாட்டுன மாதிரி கெடக்கே. நீ சொன்ன மருந்தத்தானய்யா அடிச்சேன். எப்பவும் உள்ள என்ன இருக்குன்னு கேப்பியே. இந்த வாட்டி ஏன் கேக்கல?"

அந்த வாரத்தில் இதே போல முப்பது, நாற்பது பதிவுகள் வந்தன. சிலர் கெட்ட வார்த்தையில் பேசினார்கள். எல்லாம் ஜெபசிங்கைத்தான். கடையை யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. பகலில், கடையில் ஆள் இருக்கும்போதே இரண்டாவது வரியை எழுதினேன். காலையிலிருந்து நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது அந்த வரியைத்தான். உளுந்து கருகியதாக யார் சொன்னாலும் தவறு தன்னுடையது என்று ஜெபசிங் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைமேல் குற்றமில்லை என்று சொல்ல வேண்டும். கடையை விட்டு விலகித் திருவேங்கடத்தில் இருப்பதையும் சொல்ல வேண்டும்.

கோமதித்தாய்க்கு இப்படிப் பதில் போயிற்று.

"சித்தி, தப்பு என்னோடதுதான். கமிஷனுக்கு ஆசைப்பட்டுச் சொல்லிட்டேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அங்கன வேலைய விட்டுட்டேன், இப்பம் திருவேங்கடத்துல கடை போட்டிருக்கேன்."

கமிஷன் என்பது நான் எழுதியதில்லை. ஏஐ தானாகச் சேர்த்துக்கொண்டது. கேட்க இயல்பாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்துப் பதினைந்து பேர் திருவேங்கடத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் போகச் சொல்லவில்லை. ஜெபசிங் கடையில் தனியாக இருந்தாராம். "அது நான் இல்லய்யா, மிஷினு பேசுது" என்றாராம். ஒருவன், "ஏலே, இது யாரு குரலுலே?" என்று போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து ஓடவிட்டானாம். இரண்டும் ஒரே குரல். அவர் பேசப் பேச அவர்களுக்கு நிச்சயமாகிவிட்டது. கடையில் விற்பனைக்கு வைத்திருந்த தெளிப்பான் கம்பியை எடுத்துத்தான் அடித்திருக்கிறார்கள். நாலு பேரை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. வெள்ளாமை போனவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. தொண்டையில் பட்ட அடியில் குரல்வளை நசுங்கிவிட்டது, இனிப் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் வெளியே வந்திருக்காது. கோமதித்தாய்க்கு மனசு கேட்கவில்லை. நாலாம் நாள் கடை எண்ணுக்கு, "எப்பிடிய்யா இருக்க? எம் பயிரு போனா போவுது" என்று அழுதுகொண்டே அனுப்பியிருக்கிறாள். உடனே பதில் வந்திருக்கிறது. "நல்லா இருக்கேன் சித்தி. என்ன பயிருக்கு மருந்து வேணும்?" அவள் அந்தப் போனை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அந்தச் சூழ்நிலைக்கு நான் எந்த வரியும் எழுதி வைக்கவில்லை. அது என் கவனக்குறைவு. ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று ஜெபசிங்கின் மனைவி ஏஞ்சல் கடைக்கு வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பழைய பதிவுகளைக் கேட்டாள்.

"வீட்டுல எதுலயும் அவரு பேசினது இல்லக்கா. தெனமும் பாக்குற மனுசன யாரு பதிஞ்சு வைப்பா? பிள்ளைங்க அப்பா குரல கேக்குறாங்க. உங்க போன்ல இருக்குறத மட்டும் குடுங்க."

பழையது எதற்கு என்று, பேசுகிற குரலையே கொடுத்தேன். அவள் வீடு போய்ச் சேரும்போது கடை எண்ணிலிருந்து ஒரு பதிவு போகும்படி செய்தேன். "ஏஞ்சல், சாப்பிட்டியா?" நல்ல தெளிவாக வந்தது. அவள் எண்ணைத் தடுத்துவிட்டாள். என்ன செய்தாலும் சிலருக்குத் திருப்தி வராது.

கேள்வியை எடுத்தது நான். குற்றத்தை அவர் வாயில் வைத்து, ஆளையும் இடத்தையும் காட்டிக் கொடுத்தது நான். அடிப்பார்கள் என்று தெரியுமா என்றால், தெரியும். இவ்வளவு அடிப்பார்கள் என்று தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் ஜெபசிங்கிடம் வாக்குமூலம் வாங்கப் போனதாகவும், பேசவும் முடியாமல், அடிபட்ட கையால் எழுதவும் முடியாமல் கிடக்கிறார் என்றும் சொன்னீர்கள். அதற்காக நீங்கள் பாளையங்கோட்டைக்கு அலைய வேண்டியதில்லை, ஐயா. கடை எண்ணுக்கு ஒரு பதிவு போட்டுக் கேளுங்கள், உடனே சொல்வார். இன்று காலை இங்கே கிளம்புமுன் நானும் கேட்டேன். என்மேல் கோபம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.