கடைமடைக்குத் தண்ணீர் வந்த நாள்

பம்புகளை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் நாங்கள் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இருபது வருஷப் பழக்கம். ஆற்றோரம் மூன்று டீசல் பம்புகள் விடிந்ததிலிருந்து ஓடும். பக்கத்தில் நிற்பவரிடம் தீப்பெட்டி கேட்பதென்றாலும் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அவை நின்றதும் பலருக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. நீங்கள் அவசரப்படுத்தவில்லை என்பதால் இதையும் சொல்கிறேன், ஐயா.

பம்பை விட்டுவிட்டு மலை ஏரியிலிருந்து தண்ணீரைத் தானாக இறங்கவைக்கலாம் என்று நாற்பத்திரண்டு குடும்பங்களும் ஒப்புக்கொண்டது என் பேச்சை நம்பித்தான். ஏழு மாதம் வெயிலில் நின்று மட்டம் பார்த்தவன் நான். ஏரி மதகிலிருந்து கடைசி வயல் வரை மூன்றரைக் கிலோமீட்டர் வாய்க்கால். மதகிலிருந்து ஆயிரம் அடியில் ஒரு பாறைக் கரடு குறுக்கே நின்றது. அதைக் குடைந்து முந்நூறு அடிக்குக் குகை போட்டோம். குனிந்துதான் போகமுடியும். குடியிருப்பில் எல்லாரும் என்னை மட்டக்காரர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

பம்பு மெக்கானிக் என் தங்கை புருஷன். இந்தத் திட்டத்தால் வேலை போன ஒரே ஆள் அவர்தான். ஆனால் மாப்பிள்ளை முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வேலைக்கு ஈடாகக் கடைமடையில் கொடுத்த நிலத்தை வாங்கிக்கொண்டு, பம்பு ஷெட்டிலிருந்த தன் கருவிகளைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

நான்கு தடவை மதகைப் பாதி திறந்து பார்த்தோம். நான்கு தடவையும் தண்ணீர் குகைக்குள் போய்த் தேங்கி நின்றது, தாண்டவில்லை. மண் சரியாக வாரவில்லை என்று வேலையாட்களைக் கடிந்துகொண்டேன். கடைமடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பம்பைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று முடிவெடுக்கக் கூட்டம் கூட்டினார்கள்.

கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளை தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"மச்சான், குகைக்குள்ள நடுவுல தரை தூக்கியிருக்கு. ஒரு சாண் இருக்கும். டியூப்ல தண்ணி பிடிச்சு மட்டம் பாத்துட்டேன்."

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"யாருக்கும் சொல்லல. எதுக்கு சொல்லணும்?"

அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டேன். பிற்பாடு யோசித்தால், அது ஒரு கேள்விகூட இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மதகடிக்கு வந்தார், தோளில் சாக்கு. தன் சிவப்புத் துண்டை மதகுச் சக்கரத்தில் அவரே கட்டினார். "பத்தரை வரைக்கும் இதத் தொடாதீங்க மச்சான். நான் உள்ள இருப்பேன்," என்றார். சரி என்று தலையாட்டினேன். கூட்டம் பதினோரு மணிக்கு.

ஒன்பதேகாலுக்குக் குகைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. டொக், டொக் என்று, நிதானமாக, இடைவெளி பிசகாமல். அவர் அளக்கவில்லை, செதுக்குகிறார் என்று உடனே புரிந்தது. எனக்காகத்தான் செய்கிறார் என்பதும் புரிந்தது. அது புரியவில்லை என்று சொன்னால் இந்த வாக்குமூலத்துக்கே அர்த்தமில்லை. தலையெல்லாம் கல்தூளோடு அவர் வெளியே வருவார், யாராவது என்னவென்று கேட்பார்கள், அவர் ஒன்றுமில்லை என்று சிரிப்பார். ஆயுசுக்கும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் அந்தக் குடியிருப்பில் இருக்கவேண்டும்.

துண்டை அவிழ்த்து, மடித்து, சுவரில் வைத்தேன். சக்கரத்தைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினேன். அதுதான் முழுத் திறப்பு. பாதித் திறப்பில் குகைக்குள் ஒரு சாண்கூட நிரம்பாது. முழுத் திறப்பில் கூரை தட்டும். அதுவும் என் கணக்குதான்.

தண்ணீர் குகைவாயை எட்ட ஒன்பது நிமிஷம் ஆகும் என்று எழுதியிருந்தேன். சுவரில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தேன். எட்டே முக்கால் நிமிஷத்தில் சத்தம் நின்றது. வாய்க்காலின் வாட்டம், அதாவது சரிவு, நான் எழுதியதைவிடச் சற்றுக் கூடுதல் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அதற்குள் மதகை இறக்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். இறக்கியிருக்கலாம். பாதி இறக்கியிருந்தாலும் போதும்.

அன்றைக்குத் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் கூட்டத்தை மறந்து வரப்பில் ஓடினார்கள். என் தங்கை தன் வயலில் கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துடுச்சு அண்ணா. அவர் எங்க? இத அவர் பாக்கணுமே."

வந்துகொண்டிருப்பார் என்றேன். ஒரு விதத்தில் அது பொய்யில்லை.

பொழுது சாய்ந்தும் அவரைக் காணாததால் மறுநாள் மதகை மூடினோம். உறவுக்காரன் என்று நான்தான் முதலில் உள்ளே போனேன். கையில் உளியைப் பிடித்தபடி இருந்தார். அதை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். மண் வாரப் போயிருக்கிறார், ஒன்பதரைக்குத் திறக்கச் சொன்னார், வாட்ச் கட்டாத மனுஷன் நேரம் தவறிவிட்டார் என்றேன். நம்பினார்கள். என் தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். உன்மேல் தப்பில்லை அண்ணா என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

நான்கு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு முறை மதகு திறக்கும்போதும் அந்த டொக், டொக் கேட்கிறது. எட்டே முக்கால் நிமிஷம். ஒருநாள் மதகுக் காவல்காரரிடம் ஏதாவது கேட்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம்தான் என்றார். அதன்பிறகு யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் திறக்கும் நாளில் அங்கே போய் நிற்காமல் இருக்கவும் முடியவில்லை.

முந்தாநாள் குகையை அகலப்படுத்த வெளியிலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, நடுவிலுள்ள மேட்டை யாரோ கையால் வெட்டியிருக்கிறார்கள், அந்த வெட்டு இல்லாவிட்டால் ஒரு சொட்டுக்கூடத் தாண்டியிருக்காது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என் தங்கை அங்கே இருந்தாள். அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவரோட உளி எங்க அண்ணா? அன்னிக்கு அவர் சாக்குல எடுத்துட்டுப் போனது?"

அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். துடைத்து, எண்ணெய் போட்டு, துருப்பிடிக்காமல்தான் வைத்திருந்தேன். அவள் அழவில்லை. வாங்கிக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். இப்போது உங்கள் மேசையில் இருப்பது அதுதான்.

ஆக, நான்தான் செய்தேன். உள்ளே அவர் இருப்பது தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த சர்வேயர் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும், ஐயா. மாப்பிள்ளை வெட்டியது பாதிதான். மீதி மேட்டைத் தண்ணீர் தாண்டியது நான் போட்ட வாட்டத்தால். அதையும் சேர்த்து எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.