காலருக்குள்ளே ஆறு

— இதுக்குப் பேரு வரலாறா கிளைட்? ஹாமர்ஸ் பேஸ்பால் டீமோட நூறு வருஷக் கதைன்னு அட்டையில கொட்டை எழுத்துல போட்டிருக்க. உள்ள பூரா புளுகு!

— வெர்னாம்மா, முதல்ல உக்காருங்க. நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகுது. இப்ப வந்து கத்துனா எப்படி?

— கத்தத்தான் செய்வேன். அம்பத்தெட்டு ஃபைனல்ல, கடைசியில பந்தை மதிலுக்கு வெளிய அடிச்சு ஜெயிக்க வெச்சது யாரு?

— ராய் டட்டன். ஸ்கோர் புத்தகத்துலயே இருக்கு. வாசல்ல சிலையே வெச்சிருக்கோமே!

— அந்தச் சிலையைத் தூக்கி ஆத்துல போடு! அடிச்சது என் வீட்டுக்காரர் எம்மெட் ரஸ்க்.

— அம்மா, எம்மெட் ஆறாம் நம்பர். அன்னைக்கு பெஞ்சுலேர்ந்து எழுந்து வந்து அடிச்சவர் முதுகுல ஒன்பது, அது டட்டன் நம்பர். ஸ்கோர் எழுதினவர் என்ன குருடரா?

— மைதானத்துக்குப் பக்கத்து ஆலைப் புகையில மூஞ்சி எங்க தெரிஞ்சுது? அப்பல்லாம் சட்டையில பேரும் கிடையாது. முதுகைப் பார்த்து எழுதிட்டார். இந்தா, அதே சட்டை.

— இதுலயும் ஒன்பதுதானே இருக்கு?

— காலரைத் திருப்பிப் பாருய்யா! சலவைக்காரங்க மையால என்ன எழுதியிருக்காங்க?

— ரஸ்க்... ஆறு. அட கடவுளே! ஆறைத் தலைகீழா வெச்சுத் தைச்சிருக்காங்க!

— இப்ப உறைக்குதா?

— பெஞ்சுல உக்காந்திருந்த டட்டன் வாயே திறக்கலையே?

— அவன் வாயில கொழுக்கட்டை! அந்த ஒரு அடியைச் சொல்லியே பெரிய லீகுக்குப் போயிட்டான். என் மனுஷன் இதே ஊர்ல லாரி ஓட்டியே செத்தார். போன மாசம் அவரைப் புதைச்சப்ப உங்க கிளப்லேர்ந்து ஒரு பூ வந்துச்சா? வயிறு எரியுதுய்யா!

— தப்புதாம்மா. ஆனா மத்த ஆட்டக்காரங்களுக்குத் தெரியுமே?

— தெரியும். யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு அவர்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டார்.

— அம்பது வருஷமா? ஏன்? அதைச் சொல்லாம நான் திருத்தினா ஊர் சிரிக்கும்மா.

— மேட்ச் அன்னைக்கு மத்தியானம்தான் நம்பர் பிஞ்சு வந்துச்சு. அவசரத்துல தைச்சதுய்யா. விஷயம் தெரிஞ்சா டீம் முதலாளி தைச்சவளை அப்பவே வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்.

— யாரோ ஒரு தையல்காரிக்காகவா சிலையையே விட்டுக்கொடுத்தார்? அவ பேரு வேணுமே, புத்தகத்துல போட.

— வெர்னான்னு எழுது. ரஸ்க்னு சேர்க்காதே. அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகலை.