அக்குளில் கட்டிய நெறி

மனைவி: இடது கையைத் தூக்குங்க. உங்க சட்டைக்கு உங்களாலயே அளவெடுக்க முடியலைன்னுதானே டேப்பை என்கிட்ட கொடுத்தீங்க?

தையல்காரர்: வலது பக்கம் எடுத்தியே, போதும். ரெண்டும் ஒண்ணுதான்.

மனைவி: ஊருக்கெல்லாம் ரெண்டு பக்கமும் அளக்கிற ஆளு... தூக்குங்கன்னா...

தையல்காரர்: ஆ! தொடாதே!

மனைவி: என்னங்க இது, அவரைக்கொட்டை மாதிரி...

தையல்காரர்: கட்டி. நாலு நாளா இருக்கு. நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லலை... எனக்கப்புறம் அந்தப் பெரிய கத்தரிக்கோலை மட்டும் உன் தம்பிகிட்ட கொடுத்துடாதே. காகிதம் வெட்டிடுவான்.

மனைவி: சும்மா இருங்க! நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதான்.

தையல்காரர்: கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல கட்டும். அக்குள்ல எதுக்கு?

மனைவி: கையில புண்ணு வந்தா அக்குள்ல. நிணநீர் முடிச்சுன்னு பேரு. எல்லாருக்கும் உடம்பு முழுக்க நூத்துக்கணக்குல இருக்கு.

தையல்காரர்: நூறா! இன்னும் எத்தனை வீங்கணும்?

மனைவி: எல்லாம் வீங்காதுங்க. கையிலேர்ந்து வர்ற நிணநீர் அதுக்குள்ள புகுந்து, வடிகட்டினப்புறம்தான் வெளியே போகும். உள்ளே வெள்ளை அணுவெல்லாம் காவல் இருக்கு. கிருமி வந்தா பிடிச்சுச் சண்டை போடும். அந்தச் சண்டையிலதான் வீக்கம்.

தையல்காரர்: நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?

மனைவி: அது... எங்கேயோ கேட்டது. பேச்சை மாத்தாதீங்க. கையில என்ன கீறல்?

தையல்காரர்: ஊசி குத்திடுச்சு.

மனைவி: ஊசி வரிசையா மூணு கோடு போடுமா?

தையல்காரர்: ...கத்தரிக்கோல்.

மனைவி: என்னங்க...

தையல்காரர்: சரி, பூனை! துணியில முடி ஒட்டுதுன்னு கடையைவிட்டு விரட்டினேனே, அதேதான். வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால வச்சிருக்கேன். மெத்தை கூடத் தைச்சுப் போட்டாச்சு.

மனைவி: நீங்களா? அதோட வாலைப் பார்த்தாலே கத்துவீங்களே!

தையல்காரர்: காலையே சுத்திச் சுத்தி வந்துச்சு, மனசு கேக்கலை. ஆனா பாவம், அதுக்கும் உடம்பு சரியில்லை போல. பாலை வச்சா ஒரு நக்கு நக்கிட்டுத் திரும்பிப் படுத்துக்குது. செத்துடுமோன்னு...

மனைவி: அது ஒண்ணும் சாகாது. நீங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பின்வாசல்ல நான் வைக்கிற பாலைக் குடிச்சுட்டு, மறுபடி எப்படிங்க குடிக்கும்? கிளம்புங்க, அதே டாக்டர்கிட்ட போவோம். போன மாசம் எனக்கும் இதே மாதிரி நெறி கட்டினப்போ, “பூனை ஏதாவது கீறிச்சா”ன்னு கேட்டார். “ஆமா சார், ஆனா என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பூனையை விரட்டிடுவார்”னு கெஞ்சிட்டு வந்தேன்!